கடற்கரையில் கிடைக்கும் இறகுகள்: கேள்வி பதில்

அரிச்சல்முனை மணலில் ஒரு முழ நீள இறகு கிடைத்தது ஐயா. இறக்கையா, வாலா? எப்படிக் கண்டுபிடிப்பது? (கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்)

நடுத்தண்டின் இருபுறமும் பாருங்கள் தம்பி. ஒருபுறம் ஒடுங்கி, மறுபுறம் அகன்றிருந்தால் இறக்கை நுனியின் இறகாக இருக்கும். ஒடுங்கிய புறம்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவது. இருபுறமும் சமமாக, தண்டு நேராக இருந்தால் வாலின் நடு இறகு என்று சொல்லலாம். வாலின் ஓரத்து இறகுகளிலும் ஓரளவு ஏற்றத்தாழ்வு உண்டு. அவசரப்படாமல் தண்டின் வளைவையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இறகை விரலால் பிரித்துவிட்டு, அடியிலிருந்து நுனி வரை மெல்ல நீவுங்கள். பிரிந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வரும் அற்புதம் இது. பறவை அலகால் ஓயாமல் இறகு கோதுவதும் இதற்காகத்தான்.

நிற்கும்போது வெண்மையாகத் தெரியும் பூநாரை பறக்கும்போது கறுப்பு காட்டுகிறதே? (மண்டபம்)

பறப்பதற்கான பெரிய இறகுகள் முழுவதும் கறுப்பு. இறக்கையை மடக்கும்போது மேலிறகுகள் அவற்றை மூடிவிடும். கறுப்பைத் தரும் மெலனின் இறகை உறுதியாக்குகிறது; எளிதில் தேயாது. பல கடற்காகங்களுக்கு இறக்கை நுனி கறுப்பாக இருப்பதற்கும் இதே பலன் உண்டு. இளஞ்சிவப்பு அப்படியல்ல, தின்னும் இரையிலிருந்து வருகிறது.

மீன் இறங்குதளத்தில் வட்டமிடும் பருந்துகளை வாலை வைத்துப் பிரிக்க முடியுமா? (தொண்டி)

முடியும். செம்பருந்தின் வால் வட்டமாக முடியும். கரும்பருந்துக்கு நடுவே வெட்டுப்பட்டதுபோல் இருக்கும்.

இறகுப் பேனாவுக்கு எந்த இறகு நல்லது? (ஆசிரியை, தேவிபட்டினம்)

வாத்தின் இறக்கை நுனி இறகு. வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு இடது இறக்கை இறகே வசதி என்பார்கள். வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்புறம் சாயும். பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுங்கள் அம்மா, இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது.

மயில் தோகையை வீட்டில் வைக்கலாமா? (உச்சிப்புளி)

தானாக உதிர்ந்ததை வைக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. தோகைக்காக மயிலைத் துன்புறுத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். தோகை வாலல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வாலுக்கு மேல் வளரும் இறகுக் கூட்டம். உண்மையான வால் அதன் அடியில் குட்டையாக, பழுப்பாக இருக்கும். மயில் ஆடும்போது பின்புறம் போய்ப் பாருங்கள், தோகையை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அந்த வால்தான்.