எந்தப் பரம்பரையலகை எது அடக்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தம்பி, உயர்தர உயிரியல் படிக்கும்போதே இதைக் கேட்டது சந்தோசம். மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வட்டையை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால்களை ஒவ்வொன்றாக அடைத்தால், காய்கிற வயல் வழியைச் சொல்லிவிடும்.

மனிதரில் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் சுமார் 20,000. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியால் ஒவ்வொரு கலத்திலும் ஒன்றை மட்டும் முடக்கி, எல்லாக் கலங்களையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். அப்புறம், நாம் கவனிக்கும் புரதத்தை ஒளிரவைத்து, மங்கிய கலங்களையும் பிரகாசமானவற்றையும் பிரிக்கிறார்கள். பிரகாசமானவற்றில் முடங்கியிருப்பதுதான் அந்தப் புரதத்தை அடக்கிவந்தது. எது முடங்கியது என்பதை, வெட்டும் இடத்தைக் கிரிஸ்பருக்குக் காட்ட கலத்துக்குள் போன வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் வரிசையே காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

2015இல், சிசு ஈமோகுளோபினை (கருவிலிருக்கும்போது ஒட்சிசனைக் காவும் குருதிப் புரதத்தை) அடக்கும் பிசிஎல்11ஏ பரம்பரையலகின் கட்டுப்பாட்டுப் பகுதியை இப்படித் துண்டுதுண்டாகத் துழாவினார்கள். அங்கே ஒரு சிறு இடத்தை வெட்டினால், பிறந்தபின் அடங்கிப்போகும் அந்த ஈமோகுளோபின் மறுபடி கூடுகிறது. ஈமோகுளோபின் குறையும் பரம்பரை நோயான தலசீமியாவுக்கு 2023இல் பிரித்தானியா அனுமதித்த சிகிச்சை வெட்டுவதும் அந்தப் பகுதியைத்தான்.