பனைத்துணை: மகள் எழுதியது தவறா?

வணக்கம் சகோதரி. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் ‘பனைத்துணை’ என்பதற்கு உங்கள் மகள் ‘பனைமரத்தின் உதவி’ என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். மலையாளத்தில் ‘துண’ என்றால் உதவிதானே, இது வேறு சொல்லா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஒரே சொல்தான். ஆனால் ‘பனைத்துணை’ வரும் திருக்குறளில் (104) பொருள் வேறு. ‘தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்’ என்னும் இடத்தில் துணை என்றால் அளவு. தினையளவு உதவியைப் பனையளவாக நினைப்பார்கள் என்பது கருத்து. விருந்தோம்பல் அதிகாரத்தில் (குறள் 87) ‘இனைத்துணைத் தென்பதொன் றில்லை’ என்று வருவதும் இதே அளவுதான். இந்தப் பொருள் பேச்சில் இன்று இல்லை. இத்துணை, எத்துணை என்று மேடைத் தமிழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

பழைய தமிழில் துணைக்கு இணை, ஒப்பு, வாழ்க்கைத்துணை என்றெல்லாம் பொருள் உண்டு. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதிலிருந்து அளவு என்ற பொருள் வந்திருக்கும் என்பது என் ஊகம். துணைவேந்தர், துணைத்தலைவர் எல்லாம் பிற்காலப் பிள்ளைகள். கடிதத் தலைப்பில் ‘முருகன் துணை’ எழுதுகிறோமே, அது மலையாளத் ‘துண’க்கு மிகப் பக்கம். ராத்திரி வழிக்கு ஆள் வேண்டுமென்றால் நாம் துணைக்குக் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சி ‘கூட்டு’க்குக் கூப்பிடுவார்.

மதிப்பெண் குறைத்தது சரிதான். ஆனாலும் ஆசிரியர் இதை வகுப்பில் விளக்கியிருக்கலாம். இரண்டு மொழி புழங்கும் ஊரில் பிள்ளைகளுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. மகளிடம் 104-ஐயும் 87-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.