1610 என்று போட்டிருந்தாலும் உங்கள் சர்ரே வரைபடம் 1676-ஐச் சேர்ந்தது

ஆங்கில வரைபடக்காரர் ஜான் ஸ்பீடின் சர்ரே (இங்கிலாந்தின் ஒரு மாவட்டம்) வரைபடத்தில் 1610 என்று இருக்கிறது, ஆனால் கீழே விற்பனையாளர்களான பாசெட், சிஸ்வெல் பெயர்கள் இருக்கின்றன, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். பெயர்களையே நம்புங்கள். 1610 என்பது ஆம்ஸ்டர்டாமில் ஹோண்டியஸ் செதுக்கிய செப்புத் தகட்டின் ஆண்டு, அச்சான ஆண்டு அல்ல. தகடு தேயும் வரை அதிலிருந்து அச்சடித்துக்கொண்டே இருப்பார்கள். கை மாறும்போது விற்பவர் பெயரை மட்டும் சுரண்டிவிட்டுப் புதிதாகச் செதுக்குவார்கள், ஆண்டைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள்.

முதலில் இந்தத் தகடுகளை வைத்திருந்தவர்கள் லண்டனில் சட்பரியும் ஹம்பிளும். அப்புறம் ஹம்பிள் குடும்பம், ரோஜர் ரே என்று போய், 1676-இல் பாசெட்டும் சிஸ்வெல்லும் ஸ்பீடின் வரைபடத் தொகுப்புக்குப் பெரிய பதிப்பு ஒன்று கொண்டுவந்தார்கள். உங்களுடையது அதுதான். பின்பக்கத்தைப் பாருங்கள், சர்ரே பற்றிய ஆங்கில விவரணை அச்சாகியிருக்க வேண்டும். 1616 பதிப்பில் அது லத்தீனில் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் ஓவர்ட்டன் குடும்பத்தார் அச்சடித்தவற்றில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

சட்டத்திலிருந்து கழற்றும்போது தயவுசெய்து நடு மடிப்பைக் கவனியுங்கள், பழைய தாள் அங்கேதான் கிழியும். ஒரு லென்ஸ் வைத்தும் பாருங்கள்: கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இந்தக் காலத்து நகல். ரிச்மண்ட், நான்சச் அரண்மனைப் படங்களில் கோடு தெளிவாக இல்லையென்றால் கவலை வேண்டாம், அறுபது வருடம் உழைத்த தகடு அப்படித்தான் பதியும்.