காப்பீட்டு அட்டையும் சர்க்கரைப் புண்ணும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அனைவருக்குமான மருத்துவத்தில் தமிழ்நாடு இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பீடி சுற்றும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரைப் புண் முற்றி, போன தை மாதம் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார். விட்டுப்போனவர்களுக்கும் அட்டை கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

க.மு., குடியாத்தம்

அன்புள்ள க.மு.,

பெரியம்மாவின் புண் ஆறிவிட்டதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான்.

ஆபரேஷனுக்குப் பணம் கட்டாமல் வந்தது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வளர்ந்த திட்டம் இது. நிலத்தை விற்காமல், வட்டிக்கு வாங்காமல் எத்தனையோ குடும்பங்கள் ஆபரேஷன் முடித்து வீடு திரும்பியிருக்கின்றன.

ஆனால் விரல் எடுப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தைக் கணக்குப் பாருங்கள். புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் பஸ் காசு, கூட வருபவரின் கூலி. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் கட்டுப் போடப் போன நாளில் வருமானம் இல்லை. வெளியே வாங்கிய மாத்திரை, வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனை. இதில் எதையும் அந்த அட்டை தொடாது. அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகு நடக்கும் சிகிச்சைக்கானது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். விரலை எடுப்பதற்குத் தொகை உண்டு. விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செருப்புக்குக் கிடையாது.

செருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதே வேலூர் மண்தான். 1946இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். உணர்ச்சி இல்லாத கால், வலி தெரியாமல் ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நடப்பதால்தான் புண் வருகிறது என்று கண்டார். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நடந்த பணியும் சேர்ந்து, எம்.சி.ஆர். எனப்படும், நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பர் செருப்பு புழக்கத்துக்கு வந்தது. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கும் அதே விதிதான். பீடி சுற்றுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முறத்தை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காரும்போது, கணுக்காலின் வெளிப்புற எலும்பு தரையில் அழுந்துகிறது. முதலில் தோல் கறுத்துத் தடிக்கும், பிறகு அடியில் புண் வைக்கும். மடித்த துணியையோ மெத்தையையோ அடியில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்ட வேண்டும்.

மரத்துப்போன காலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்திக் கேட்டால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு நிமிடத்தில் முடியும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அனைவருக்குமான மருத்துவம் என்று நான் சொல்வது, நோய் முற்றும் முன்பே கிடைக்கும் இந்தக் கவனிப்பைத்தான். இங்கேயும் கோளாறு வருகிறது. சென்ற மாதம் 1000 மில்லி கிராமில் ஒரு மெட்ஃபார்மின் மாத்திரை வந்திருக்கும், இந்த மாதம் 500இல் வரும். நிறமும் அளவும் வேறு. இரண்டு போட வேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள், அல்லது மாத்திரை மாறிவிட்டது என்று பயந்து அடியோடு விட்டுவிடுவார்கள். அடுத்த முறை பெரியம்மாவின் மாத்திரை அட்டையில் மில்லி கிராம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

விட்டுப்போனவர்களுக்கு அட்டை என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து பிறகு 1,20,000 ஆனது. அதாவது குடும்பத்துக்கு மாதம் 10,000. ஆம்பூர் ஷூ கம்பெனியில் 15,000 சம்பளம் வாங்குபவர் இதைத் தாண்டிவிடுகிறார். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. அவர் பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. இதில் புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு, தகுதிக்கான நாட்கள் வேலை செய்திருந்தால் நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. ஆனால் அதே ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று தைக்கும் பெண் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான கடையில் 15,000 வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, அட்டையும் இல்லை. இவர்களுக்கு அட்டை வேண்டும் என்பதில் உங்களோடு நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன்.

அட்டை எடுப்பவர்கள் செய்ய வேண்டியது: வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உங்களுக்குச் சத்துவாச்சாரி. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பத்தூர் போக வேண்டும். அதிகம் சிக்குவது புது மருமகள் விஷயத்தில்தான். பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையில் பெயர் நீக்காமல், புகுந்த வீட்டில் சேர்க்காமல் இருப்பார்கள், பிரசவச் சிக்கல் வரும்போதுதான் தெரியவரும். இன்னொன்று, ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த நோய்க்கான பிரிவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். அவசரமில்லாத சிகிச்சையென்றால் ஒப்புதல் வரும்முன் பணம் கட்டக் கூடாது, கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. சந்தேகமிருந்தால் 1800 425 3993.

உங்கள் மச்சானின் அமெரிக்காவில், காப்பீட்டை விரிவாக்க 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகும், காப்பீடு கையில் இருக்க, ஆண்டின் முதல் சில ஆயிரம் டாலரைச் சொந்தக் காசில் கட்டுபவர்கள் ஏராளம். நாம் பார்க்க வேண்டியது தாய்லாந்தை. அங்கே முதலில் கிராமப்புற மாவட்டங்களில் ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். பிறகு 2002இல், ஒருமுறை பார்க்க அந்த நாட்டுப் பணத்தில் 30 பாட் என்று எல்லோரையும் சேர்த்தார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று வருடப் பணம் போகும். அந்த ஊர்க்காரர் காலில் புண் வராமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம். நம் அட்டையில் விரலை எடுத்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும். டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, பணம் போகும் பாதையைச் சொல்கிறேன். 2011இல், மத்தியத் திட்டக் குழு அமைத்த ஸ்ரீநாத் ரெட்டி குழுவும் வரிப்பணத்தில், புறநோயாளிக்கு இலவச மருந்தோடு, காப்பீட்டு நிறுவனங்களை நடுவில் வைக்காமல் செய்யுங்கள் என்றுதான் பரிந்துரைத்தது. விட்டுப்போனவர்களைச் சேர்த்த பிறகு, அரசு கூடுதலாகச் செலவிடும் அடுத்த ரூபாய் அட்டைக்கு அல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரியம்மாவுக்கு வருவோம். இரண்டு விரல் போன காலில் எடை பக்கத்து விரல்களின் அடிக்கு மாறும், அடுத்த புண் அங்கேதான் வரப் பார்க்கும். தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைச் செருப்பு இனி ஆகாது, அளவெடுத்து எம்.சி.ஆர். செருப்பு செய்ய வேண்டும். குதிகால் வார் இருக்கட்டும், விரலிடுக்கில் வார் வேண்டாம். கரிகிரியில் செய்கிறார்கள். போகும்போது பழைய செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். தேய்ந்த இடத்தைப் பார்த்தே எடை எங்கே விழுகிறது என்று கண்டுகொள்வார்கள்.