பழைய இரும்புக் கடையில் கிடைத்த சீவுளி: முதிரையில் நார் பிய்வது ஏன்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் மரவேலை பழகிவரும் நான், காத்தான்குடியில் பழைய இரும்புக் கடையொன்றில் 14 அங்குல இரும்புச் சீவுளியொன்றை வாங்கினேன். துருவுக்கடியில் 'ரெக்கோட்', '05' என்று தெரிகிறது. தேக்கில் ஒருவாறு ஓடினாலும் முதிரையில் நாரைப் பிய்த்தெடுக்கிறது. அலகை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1930களின் தொடக்கம் முதல் செய்யப்பட்டுவந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்க ஸ்டான்லி நிறுவனத்தின் 5ஆம் இலக்கச் சீவுளியின் அமைப்பையே பின்பற்றிய ரெக்கோட் நிறுவனம், இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்துக்கொண்டது. துருவைத் துடைத்தால் நீல வண்ணத்தின் மிச்சம் தென்படக்கூடும்.

முதலில், அடித்தளத்தில் அலகு வெளிவரும் வாய்ப்பகுதியின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் அங்கேதான் வெடிக்கும். வெடித்திருந்தால் மேற்கொண்டு உழைக்க வேண்டாம். கழற்றும்போது, பின்னாலுள்ள பித்தளைச் சக்கரத்தின் புரி இடப்புரி என்பதை மறவாதீர்கள். வலப்பக்கம் சுழற்றினால்தான் அது கழன்று வரும். திருகாணிகளை ஒரு சிரட்டையிலாவது பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் இக்காலக் கடைகளிலுள்ள மெட்ரிக் திருகாணிகள் அவற்றுக்குப் பொருந்தா. துருவுக்கு மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் போதும்.

அடித்தளத்தைத் தேய்ப்பதானால், அலகை உள்ளே இழுத்துவிட்டு, ஆனால் வழக்கம்போல் இறுக்கிய நிலையிலேயே, தடித்த கண்ணாடியில் ஒட்டிய அரத்தாளில் தேயுங்கள். இறுக்கம் உடலைச் சற்று வளைக்கும் என்பதே காரணம். முனை, வாயின் முன்விளிம்பு, வால் ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும். முழுப் பரப்பும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்று நாட்கணக்கில் தேய்ப்பது வீண்வேலை என்பது என் கருத்து.

அலகின் பின்பக்கத்தை, முனையோரம் ஒரு விரலகலத்துக்கேனும் சாணைக்கல்லில் தட்டையாக்கி, 25 பாகையில் தீட்டி, முனையை மட்டும் 30 பாகையில் முடியுங்கள். தீட்டிய சரிவு கீழ்நோக்கி இருக்குமாறே அலகைப் பொருத்த வேண்டும்.

முதிரையின் தொல்லைக்கு விடை அலகில் அன்று, அதன்மேல் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும் வளைந்த தகட்டில் இருக்கிறது. முதிரையின் நார் அடுத்தடுத்த பட்டைகளில் எதிரெதிராகச் சாய்ந்து ஓடுவதால், ஒரு திசையில் சீவும்போது ஏதோவொரு பட்டை எதிர்நாராகிவிடும். அங்கே அலகு வெட்டுவதற்கு முன்பே நார் பிளந்து முன்னால் ஓடுகிறது. தகட்டின் விளிம்பு அலகின் முனையிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக நின்றால், எழும்பும் சீவல் உடனே மடங்கி, பிளவு ஓட இடமின்றிப் போகும். தேக்கைப் பருமனாகச் சீவுவதற்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை விடலாம். தகட்டின் விளிம்புக்கும் அலகுக்கும் இடையே ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் சீவல் அதற்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், ஆகவே அந்த விளிம்பையும் கல்லில் தேய்த்துப் பொருத்துங்கள்.

பொருத்தியபின் சக்கரத்தை வலப்பக்கம் சிறிது சிறிதாகச் சுழற்றி அலகை வெளியே கொண்டுவாருங்கள். சீவல் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வந்தால், மேலேயுள்ள பக்கவாட்டுப் பிடியை நகர்த்திச் சமப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயால் துடைத்து வையுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள உங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.