தெரிந்தவர் கேட்டால் ரிப்போர்ட்டைக் காட்டலாமா?

கேள்வி: சிறிய ஊர் ஒன்றில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். ரத்தம் எடுக்கும்முன் பெயர், வயது கேட்டால், "மாதாமாதம் வருகிறேன், என்னைத் தெரியாதா?" என்று பலர் கோபித்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தம் மகனுக்கு நிச்சயித்திருக்கும் பெண் எங்களிடம் ரத்தம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டு, அவளுடைய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மறுத்துவிட்டேன். "தெரிந்தவர்தானே, காட்டினால் என்ன?" என்று உரிமையாளர் கடிந்துகொண்டார். நான் செய்தது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் செய்தது முழுக்கச் சரி, சகோதரி. உரிமையாளரின் கோபத்துக்காக அடுத்த முறை தளர்ந்துவிடாதீர்கள். உங்களுடைய இரண்டு சங்கடங்களுக்கும் காரணம் ஒன்றுதான். சின்ன ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால், பெயர் கேட்பது அவமதிப்பாகவும் ரிப்போர்ட்டை மறுப்பது பகையாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆனால் முகம் தெரிந்த இடத்தில்தான் கவனம் குறைகிறது.

நம் ஊரில் பெயருக்கு முன் ஓர் இனிஷியல்தான் உண்டு. ஒரே காலையில் இரண்டு எஸ். லட்சுமிகள் வந்து உட்கார்வது அபூர்வமல்ல. வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே செல்போன் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். எனவே பெயருடன் பிறந்த தேதியோ பதிவு எண்ணோ என இன்னொன்றும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டிலேயே வலியுறுத்திய நடைமுறை. மருத்துவமனையில் இருப்பவரானால் படுக்கை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. நோயாளியை இடம் மாற்றினால் அந்த எண்ணுக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

கேட்கும் விதமும் முக்கியம். "நீங்கள் லட்சுமிதானே?" என்று கேட்டால், காது மந்தமான முதியவரும், வெறும் வயிற்றில் காத்திருந்து களைத்துப்போனவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் வாயால் வந்ததை மருத்துவரின் சீட்டோடு ஒப்பிடுங்கள். கோபித்துக்கொள்பவரிடம், "ரிப்போர்ட் மாறிவிடக் கூடாது என்று எல்லோரிடமும் கேட்கிறோம் அம்மா" என்று சொன்னால் பெரும்பாலும் தணிந்துவிடுவார்கள். பெயர் எழுதிய டியூப்களை ஸ்டாண்டில் முன்கூட்டியே அடுக்கி வைக்கும் பழக்கம் உங்கள் லேபில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அவசரத்தில் பக்கத்து டியூபைக் கை எடுத்துவிடும். ரத்தம் எடுத்ததும், அவர் நாற்காலியை விட்டு எழும்முன், அவர் கண்ணெதிரே லேபிள் ஒட்டுங்கள். லேபிள் இல்லாத டியூப் ஒன்று மேசையில் கிடந்தால், யாருடையது என்று யூகிக்காமல் மறுபடியும் ரத்தம் எடுப்பதுதான் முறை.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் ரத்தப் பிரிவுச் சோதனை. ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய், பொருந்தாத ரத்தம் ஏற்றப்பட்டால் உயிரே போகலாம். பழைய முடிவுகளோடு ஒப்பிடுவதும் நல்ல காவல்: போன வாரம் ஹீமோகுளோபின் 7 இருந்தவருக்கு, இடையில் ரத்தம் ஏற்றாமலே இன்று 13 வந்தால், அந்தச் சாம்பிள் யாருடையது என்பதை முதலில் விசாரியுங்கள்.

இனி அந்தப் பெரியவர் விஷயம். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டுமன்றி, அந்தப் பெண் உங்களிடம் வந்தாளா இல்லையா என்பதையே நீங்கள் சொல்லக் கூடாது. அவள் வெறும் தைராய்டு சோதனைக்காக வந்திருக்கலாம். ஆனால் "லேபுக்குப் போனாளாம்" என்ற ஒரு வார்த்தை போதும், ஒரு சம்பந்தம் முறிந்துபோக. எச்.ஐ.வி. பரிசோதனை என்றால் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, பரிசோதிப்பதற்கும் முடிவை வெளியிடுவதற்கும் பொதுவாகப் பரிசோதனை செய்துகொள்பவரின் சம்மதம் வேண்டும். துணைக்கு ஆபத்து இருக்கிறது என்ற நிலையில்கூட, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே துணையிடம் அதைச் சொல்லலாம். டெக்னீசியனுக்கோ லேப் உரிமையாளருக்கோ அந்த உரிமை இல்லை. திருமணம் நிச்சயமான ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை மருத்துவமனை வெளிப்படுத்தியதில் தவறில்லை என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது இந்தச் சட்டம் வருவதற்கு முந்தையது. முதல் சோதனையில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்தாலே நோய் உறுதியாகிவிடுவதில்லை, மேலும் சோதனைகள் தேவை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த அரைகுறைத் தகவல் வெளியே போனால், பிறகு எந்த ரிப்போர்ட்டாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும் என்பதில்லை. காசநோய் உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தால் அனுப்பிய மருத்துவரை உடனே போனில் அழைத்தாக வேண்டும். சிகிச்சைக்கும் சட்டத்துக்கும் தேவையான இடத்துக்குத் தகவல் போகலாம், தெருவுக்குப் போகக் கூடாது.

உரிமையாளரிடம் வாதாடுவதைவிட நடைமுறையை மாற்றும்படி கேளுங்கள். கவுன்ட்டரில் ரிப்போர்ட் கவர்களைக் குவித்து வைத்து, வருபவர்களே புரட்டித் தேடும் வழக்கம் வேண்டாம். பதியும்போதே, "வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய இந்த எண் யாருடையது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதைக் கேட்காமல் விடுவதால்தான் மாமனாரின் போனுக்கு மருமகளின் ரிப்போர்ட் போகிறது. வேறொருவர் வாங்க வந்தால், நோயாளியின் கையெழுத்திட்ட கடிதம் இருக்கட்டும். கொடுத்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189-உம் நோயாளியின் தகவல்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது, ஆய்வகங்களுக்குத் தேசிய வாரியம் வழங்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்கு உரிமையாளர் என்றாவது விண்ணப்பித்தால் இவற்றையெல்லாம் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பெரியவர் மீண்டும் வந்தால், "யாருடைய விவரத்தையும் நாங்கள் சொல்வதில்லை ஐயா, உங்கள் வீட்டு விவரத்தைக் கேட்டு யார் வந்தாலும் இதே பதில்தான்" என்று சொல்லுங்கள். திருமணத்துக்கு முன் உடல்நிலையை அறிய விரும்புவது தவறல்ல. பையனும் பெண்ணும் விருப்பத்தோடு ஒரு மருத்துவரிடம் சென்று, இருவருமே சோதனை செய்துகொண்டு, முடிவுகளைத் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். அதற்கு அவர் தம் மகனை முதலில் அழைத்து வரலாம்.