தெரியாமல் கலக்கும் மாத்திரை

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 35 வயது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடிக்கிறான். அவன் எழுந்திருக்க முடியாத நாட்களில் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்பவர் அம்மா. அவனுடைய கடனை இரண்டு முறை நான் அடைத்திருக்கிறேன். அவனுடைய 8 வயது மகள், அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறாள். குடியை நிறுத்தும் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடச் சொல்கிறார் ஓர் உறவினர். வீட்டை விட்டு விரட்டினால்தான் திருந்துவான் என்கிறார் இன்னொருவர். நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை தயவுசெய்து கலக்காதீர்கள். உங்கள் உறவினர் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கும். உடலுக்குள் போன மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. அந்த நொதியை இம்மருந்து முடக்கிவிடுவதால், இதை உட்கொண்டவர் குடித்தால் நச்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிறது. மாத்திரையை நிறுத்திய பின்னும் 14 நாட்கள் வரை இது நிகழலாம். குடித்தால் என்ன ஆகும் என்று அறிந்தவரைத்தான் அந்த அச்சம் தடுக்கும். அறியாதவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு விழுவார். ஆகவேதான் மருத்துவர்கள், நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, அவர் குறைந்தது 12 மணி நேரமாவது மது அருந்தாமல் இருந்த பிறகே இதைத் தொடங்குகிறார்கள்.

ஆபத்து ஒருபுறமிருக்க, குடி புகுந்த வீட்டில் ஏற்கெனவே மறைப்புகள் அதிகம். இது அவற்றோடு சேரும் இன்னொரு மறைப்பு என்பதும் என் தயக்கத்துக்குக் காரணம். எங்கள் வீட்டில் சித்தப்பா குடித்தார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கடன் கேட்டு வந்தவரிடம் "சித்தப்பா ஊரில் இல்லை" என்று சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். நான் ஒப்பித்தேன். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலோரம் கிடந்த சித்தப்பாவின் செருப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் வீட்டில் பொய் சொல்லாதவர் என்று அன்று ஒருவரும் இல்லை, குடித்தவரோ ஒருவர்தான்.

உங்கள் அம்மா சொல்லும் காய்ச்சலும் நீங்கள் அடைத்த கடனும் அன்பினால் செய்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குடியால் வரும் அவமானமும் இழப்பும் குடிப்பவரைத் தொடும் முன்பே மற்றவர்கள் வாங்கிக்கொண்டால், நிறுத்துவதற்கு அவருக்குக் காரணம் ஏதும் மிஞ்சுவதில்லை. இனி அலுவலகத்துக்கு அவரே பேசட்டும், கடன்காரருக்கு அவரே பதில் சொல்லட்டும். இதைக் கோபத்தில் சொல்லாமல், அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் அம்மாவும் நீங்களும் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போதையில் இருப்பவரோடு நள்ளிரவில் நடத்தும் விவாதத்தால் தொண்டை வறள்வதைத் தவிர வேறு பயனில்லை.

விரட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிதடியோ மிரட்டலோ இருந்தால் பெண்களும் குழந்தையும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. அதில் பேச்சுக்கே இடமில்லை. அப்படி இல்லாத நிலையில், விரட்டுவதைவிட நல்ல வழி உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில், பயிற்சி குடிப்பவருக்கு அல்ல, குடும்பத்தாருக்கு. குடிக்காத மாலையில் அவரோடு உட்கார்ந்து பேசுவது, குடித்துவிட்டு வந்தால் சண்டையின்றி விலகிக்கொள்வது, "எனக்கு உதவி வேண்டும்போல இருக்கிறது" என்று அவர் வாய் தவறிச் சொல்லும் நேரத்துக்காக மருத்துவரிடம் முன்பே பேசி வைத்திருப்பது ஆகியவை அதன் பகுதிகள். 1999இல் வெளியான, 130 குடும்பத்தினர் பங்கேற்ற ஆய்வில், இம்முறையைப் பின்பற்றியவர்களில் 64 சதவீதத்தினரின் உறவினர் சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் கூடி நின்று நெருக்கும் முறையில் அது 30 சதவீதம்தான். கிராஃப்ட் முறையிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது குடும்பத்தின் தோல்வி ஆகாது.

அவர் திடீரென்று மனம் மாறி "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்றால் மகிழ்ச்சியில் அறையில் பூட்டி வைத்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கைகால் நடுக்கமும் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்து உயிரைப் பறிக்கும் நிலைகூட வரலாம். நிறுத்துவது மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தக் குழந்தைதான். சத்தத்தை வைத்து இரவைக் கணிக்கும் பிள்ளை, தான் நன்றாகப் படித்தால், சத்தம் போடாமல் இருந்தால் அப்பா குடிக்கமாட்டார் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கக்கூடும். "அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், அது உன்னால் வந்ததல்ல, அதைச் சரிசெய்வதும் உன் வேலை அல்ல" என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது. எனக்கு யாரும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. யாராவது வந்து கதவைத் தட்டினால், அவளை அனுப்பாதீர்கள்.